ராத்திரி எட்டு மணிக்கு லைன் திணறாம இருக்க: சின்ன ஐஎஸ்பி (இன்டர்நெட் இணைப்பு குடுக்கற நிறுவனம்) நடத்துறவங்களுக்கு டிராஃபிக் மேனேஜ்மென்ட் முழு வழிகாட்டி

கேபிள் டிவி நடத்திட்டு இருந்து அப்புறம் ஃபைபர் நெட்டுக்கு மாறினவங்க நம்ம பக்கம் ஊருக்கு ஒருத்தராவது இருப்பாங்க, நானும் அப்படி வந்தவன்தான். நமக்கெல்லாம் ராத்திரி எட்டு மணின்னா என்னன்னு சொல்லவே வேண்டாம். ஐபிஎல் சீசன்ல ஏழரைக்கு மேட்ச் ஆரம்பிக்கும், எட்டு மணிக்கு போன் அடிக்க ஆரம்பிக்கும். "தம்பி, நெட் சுத்திக்கிட்டே இருக்குப்பா"ன்னு ஒருத்தர், "மகன் வெளிநாட்ல இருந்து வாட்ஸ்அப் கால் பண்றான், குரல் விட்டு விட்டு வருது"ன்னு இன்னொரு அம்மா. நாம கிராஃபை திறந்து பார்த்தா 1 ஜிபிபிஎஸ் லிங்க்ல 850 எம்பிபிஎஸ்தான் போயிட்டு இருக்கும். இன்னும் 150 மிச்சம் இருக்கே, இவங்க ஏன் கத்துறாங்கன்னு தோணும். ஆனா கஸ்டமர் சொல்றது பொய் இல்லைங்க, கிராஃப்தான் பாதி உண்மையை மறைக்குது.

அந்த கிராஃப் 5 நிமிஷ சராசரி. அஞ்சு நிமிஷத்துல நூறு தடவை லிங்க் முழுசா நிரம்பி வழிஞ்சிருக்கும், நடுவுல கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கும், சராசரி எடுத்தா 850ன்னு அழகா காட்டும். வழிஞ்ச அந்த நேரத்துலதான் அந்த அம்மாவோட கால் கட்டாச்சு. அதனால "பேண்ட்வித் வாங்கிப் போட்டா சரியாயிடும்"ங்கிறது பாதி பதில்தான். டேட்டா சின்னச் சின்னத் துண்டாத்தான் (பேக்கெட்) போகும், லிங்க் நிரம்பினா வரிசையில (க்யூ) காத்து நிக்கும். யார் பேக்கெட் எங்க க்யூல நிக்குது, அந்த க்யூ யார் கையில இருக்குங்கிறதுதான் முக்கியம். இதுல சொல்றது எல்லாம் மைக்ரோடிக் கம்பெனி ரூட்டர், பிபிபிஓஇ (கஸ்டமர் யூசர்நேம், பாஸ்வேர்டு குடுத்து லாகின் ஆகுற முறை), ஓஎல்டி (பல வீட்டு ஃபைபர் வந்து சேர்ற நம்ம பக்கத்துப் பெட்டி) வச்சு நடத்துற சின்ன நெட்வொர்க்கை மனசுல வச்சு எழுதினது, வேற பாக்ஸ் வச்சிருந்தாலும் அடிப்படை மாறாது.

முதல்ல அளந்து பாருங்க, எதையும் மாத்தாதீங்க

ஒரு கஸ்டமர் வீட்ல லேப்டாப்பை ஓஎன்யூவோட (வீட்ல இருக்கற ஃபைபர் பெட்டி) லேன் கேபிள்ல சொருகுங்க, வைஃபை வேண்டாம். சும்மா இருக்கும்போது 8.8.8.8ங்கிற கூகுள் சர்வருக்கு பிங் போட்டு, பதில் திரும்பி வர எத்தனை மில்லி செகண்ட்னு எழுதிக்கோங்க. அப்புறம் பிங் ஓடிட்டு இருக்கும்போதே ஸ்பீட் டெஸ்ட் போடுங்க. சும்மா இருக்கும்போது 10 இருந்தது டெஸ்ட் ஓடும்போது 25, 30 ஆச்சுன்னா உங்க நெட்வொர்க் நல்லா இருக்கு. 300, 400னு ஏறிச்சுன்னா பிரச்சினை அங்கதான். இதையே மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒன்பதுக்கு ஒரு தடவை பண்ணுங்க. மத்தியானமும் ஏறுதுன்னா அந்த கஸ்டமரோட சொந்த பிளான் க்யூ சரியில்ல. ராத்திரி மட்டும் ஏறுதுன்னா நடுவுல எங்கயோ பொது லிங்க் நிரம்புது. இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சாலே பாதி அலைச்சல் மிச்சம்.

ஏன் இப்படி ஏறுதுன்னு கணக்கு போட்டு பார்க்கலாம். ஒரு க்யூல 1000 பேக்கெட் நிக்க இடம் இருக்குன்னு வைங்க, ஒவ்வொண்ணும் 1500 பைட். மொத்தம் 12 மெகாபிட். 100 எம்பிபிஎஸ் லைன்ல அது வெளியேற 120 மில்லி செகண்ட், 10 எம்பிபிஎஸ் லைன்ல 1.2 செகண்ட். ஒரு பையன் கேம் டவுன்லோட் போட்டு அந்த க்யூவை நிரப்பிட்டான்னா, அதே வீட்ல அப்பா பேசுற காலோட ஒவ்வொரு பேக்கெட்டும் 1.2 செகண்ட் பின்னாடி நிக்கும். இதுக்குத்தான் பஃபர்ப்ளோட்னு பேரு, ஜிம் கெட்டிஸ்ங்கிற ப்ரோகிராமர் 2010 வாக்குல தன் வீட்டு லைன்லயே இதைக் கண்டு ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னார்.

அளக்கும்போதே இன்னொண்ணும் பார்த்துடுங்க, புகார்ல நிறைய வீட்டு வைஃபை பிரச்சினைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ரெண்டு ரூம் தாண்டி உக்காந்துகிட்டு 100 வரலைன்னா அதுக்கு எந்த க்யூவும் பதில் சொல்லாது. ஓஎன்யூல லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் போர்ட்டா இருந்தா 94, 95க்கு மேல வராது, அந்த மாடலைக் குடுத்துட்டு 150 பிளான் வித்துட்டு நாமளே முழிக்கக் கூடாது.

இடுக்கு எங்க இருக்குன்னு ஒரு பேப்பர்ல வரைங்க

அப்ஸ்ட்ரீம் லிங்க் (நாம பேண்ட்வித் வாங்குற கம்பெனியோட லைன்), கோர் ரூட்டர், ஸ்விட்ச், ஓஎல்டி அப்லிங்க் (ஓஎல்டிக்கும் ரூட்டருக்கும் நடுவுல இருக்கற லைன்), ஒவ்வொரு பான் போர்ட் (ஓஎல்டில வீடுகளுக்குப் போற ஃபைபர் கிளம்புற இடம்), கடைசியா கஸ்டமர். ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு போகும்னு பக்கத்துல எழுதுங்க. பான்ல ரெண்டு வகை, ஜிபான் போர்ட்டுன்னா டவுன்லோட் 2.5 ஜி கிட்ட, அப்லோட் 1.25 ஜி கிட்ட. ஈபான்னா ரெண்டு பக்கமும் 1 ஜி தான். நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஓஎல்டி அப்லிங்க். எட்டு பான் போர்ட் இருக்கும், எல்லாத்துலயும் ஐம்பது அறுபது வீடு இருக்கும், ஆனா ரூட்டருக்கு வர்ற கேபிள் ஒத்த 1 ஜி போர்ட்ல சொருகியிருக்கும். அப்ஸ்ட்ரீம்ல 2 ஜி வாங்கி வச்சும் அந்த ஏரியா மட்டும் ராத்திரி படுக்கும். எனக்கு இது நடந்திருக்கு, ரெண்டு வாரம் அப்ஸ்ட்ரீம்காரங்களோட சண்டை போட்டேன், கடைசில என் ரேக்குக்குள்ள இருந்த ஒரு 1 ஜி மாட்யூல் (போர்ட்ல ஃபைபரைச் சொருக வைக்கிற சின்ன பாகம்) தான் காரணம். 10 ஜி மாட்யூல் மாத்தினதும் அன்னைக்கு ராத்திரியே அந்தத் தெருவுல இருந்து ஒரு கால் கூட வரல.

கிடைச்ச இடுக்குல எதெல்லாம் கேபிள், மாட்யூல் மாத்தி சரி பண்ண முடியுமோ அதை முதல்ல பண்ணிடுங்க. சாஃப்ட்வேர்ல க்யூ போடுறது அதுக்கப்புறம்தான்.

க்யூவை உங்க பாக்ஸுக்குள்ள கொண்டு வாங்க

இதுதான் மொத்த விஷயத்துக்கும் அஸ்திவாரம். அப்ஸ்ட்ரீம் உங்களுக்கு 1000 எம்பிபிஎஸ் குடுக்குறாங்க, அதுக்கு மேல வந்தா அவங்க ரூட்டர்லயே பேக்கெட்டை வெட்டிப் போடுவாங்க. அது யாரோட பேக்கெட்னு அவங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்ல. கேம் டவுன்லோடும் போகும், அம்மாவோட காலும் போகும். அதனால உங்க ரூட்டர்ல மொத்தத்துக்கும் ஒரு பேரன்ட் க்யூ (மத்த க்யூ எல்லாம் இதுக்குக் கீழ வரும்) போட்டு மேக்ஸ்-லிமிட்டை (அதிகபட்ச வேகம்) 950ன்னு வைங்க. 50 வீணாப் போகுதேன்னு கவலைப்படாதீங்க. அந்த 50 குடுத்துதான் யாரை எப்போ நிறுத்தணும்ங்கிற அதிகாரத்தை வாங்குறோம். டவுன்லோட்ல பேக்கெட் நம்ம கிட்ட வந்த பிறகு நிறுத்தி என்ன பிரயோஜனம்னு கேப்பாங்க, டிசிபி (டேட்டா சரியாப் போய்ச் சேர்றதைப் பார்த்துக்கற முறை) இருக்கே, இந்தப் பக்கம் ஒரு பேக்கெட் விழுந்தா அந்தப் பக்கம் அனுப்புறவன் வேகத்தைக் குறைச்சுடுவான்.

இங்க ஒரு எச்சரிக்கை. பேரன்ட்ல 1000க்கு மேல, இல்ல "இருக்கட்டும்"னு 2ஜினு போட்டு வச்சீங்கன்னா, கீழ நீங்க எழுதுற எந்த ப்ரையாரிட்டியும் வேலை செய்யாது. மைக்ரோடிக்ல இருக்கற ஹெச்டிபிங்கிற க்யூ முறைப்படி, பேரன்ட் நிரம்பினாதான் யார் முதல்லங்கிற கேள்வியே வரும். அது நிரம்பாம வெளிய எங்கயோ நிரம்பினா உங்க க்யூ எல்லாம் பச்சைக் கலர்ல நிம்மதியா தூங்கிட்டு இருக்கும், கஸ்டமர் மட்டும் தூங்க மாட்டார்.

அடுத்தது ஃபாஸ்ட்டிராக், சிபியு வேலையைக் குறைக்க பேக்கெட்டை குறுக்கு வழியில அனுப்புற வசதி. ஃபயர்வால்ல அந்த ரூல் இருந்தா, அது பிடிச்ச கனெக்‌ஷன் எல்லாம் மைக்ரோடிக்ல க்யூ போட இருக்கற ரெண்டு வழியான சிம்பிள் க்யூவையும், குளோபல் பேரன்ட் போட்ட க்யூ ட்ரீயையும் தாண்டிப் போயிடும். எங்கயோ பார்த்து காப்பி பண்ணின கான்ஃபிக்ல இது உள்ள வந்துடும், அப்புறம் "க்யூ போட்டும் லிமிட் ஆகலையே"ன்னு மண்டையைப் பிச்சுக்கணும். க்யூ ஓடுற ரூட்டர்ல அந்த ரூலை எடுத்துடுங்க, சிபியு ஏறும், அதைத் தாங்குற பாக்ஸ் வேணும். டூல் ப்ரொஃபைல்ல (சிபியு வேலையைக் காட்டுற இடம்) எல்லா கோரையும் தனித்தனியா பாருங்க, மொத்தம் 30 சதவீதம்னு காட்டும், ஆனா ஒரு கோர் மட்டும் 100ல முட்டிக்கிட்டு நிக்கும், அப்படி இருந்தா பேரன்ட்டை ஓஎல்டி வாரியா பிரிச்சுப் போடுங்க.

ஒவ்வொரு கஸ்டமருக்கும் சரியான க்யூ டைப்

ரூட்டர்ஓஎஸ்ல (மைக்ரோடிக் ரூட்டரோட சாஃப்ட்வேர்) சிம்பிள் க்யூ தானா உருவானா டீஃபால்ட்-ஸ்மால் டைப் எடுத்துக்கும், அதுல 10 பேக்கெட்டுக்குத்தான் இடம். 2 எம்பிபிஎஸ் பிளான் வித்த காலத்துக்கு அது சரி. இன்னைக்கு 100 எம்பிபிஎஸ் பிளான்ல 10 பேக்கெட்ங்கிறது 1.2 மில்லி செகண்ட் இடம்தான், டேட்டா கொஞ்சம் கொத்தா வந்தாலே கீழ விழும், கஸ்டமர் ஸ்பீட் டெஸ்ட்ல 100க்கு 70தான் வருதும்பார். சரின்னு 1000 ஆக்கினா ஸ்பீட் வரும், பிங் ஏறும். எண்ணை மாத்தி மாத்திப் பார்த்து தீராது, க்யூ எப்படி யோசிக்குதுங்கிறதை மாத்தணும்.

அதுக்குத்தான் எஃப்க்யூ-கோடல், கேக்னு ரெண்டு டைப் ரூட்டர்ஓஎஸ் 7ல வந்திருக்கு. இது எப்படின்னா, மளிகைக் கடையில ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர், மாசச் சாமான் லிஸ்ட்டோட நிக்கறவருக்குப் பின்னாடி அரை மணி நேரம் நிக்க வேண்டாம், கடைக்காரர் தீப்பெட்டியை எடுத்து நீட்டிட்டு லிஸ்ட்டைத் தொடருவார் பாருங்க, அதே வேலை. கால், கேம், டிஎன்எஸ் (வெப்சைட் பேரை ஐபி எண்ணா மாத்துறது) மாதிரி சின்ன சின்னதா வர்றது முன்னாடி போயிடும், பெரிய டவுன்லோட் தன் பங்கோட வரும். கூடவே ஒரு பேக்கெட் க்யூல எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு பார்க்கும், 5 மில்லி செகண்டுக்கு மேல நிக்கிற நிலைமை 100 மில்லி செகண்ட் தொடர்ந்தா பேக்கெட்டைக் கீழ போட ஆரம்பிச்சு அனுப்புறவனை மெதுவாக்கும். எது வாட்ஸ்அப், எது யூடியூப்னு நீங்க ஒரு ரூலும் எழுத வேண்டாம். இப்படி நேரம் பார்க்குற முறைதான் கோடல், நெட்வொர்க் ஆராய்ச்சியாளர்கள் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012ல அதைக் குடுத்தாங்க, அதை நம்ம மாதிரி சின்ன நெட்வொர்க் வரைக்கும் கொண்டு வந்து சேர்த்ததுல நெட்வொர்க் இன்ஜினியர் டேவ் டாஹ்ட்டுக்குப் பெரிய பங்கு இருக்கு. 2025 ஏப்ரல்ல அவர் காலமானார். நம்ம ஊர் வீடுகள்ல கால் கட்டாகாம ஓடுறதுல அந்த மனுஷனோட உழைப்பு இருக்குன்னு நினைச்சா இப்பவும் மனசு கனக்குது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். க்யூ டைப்ல எஃப்க்யூ-கோடல் ஒண்ணு உருவாக்கி, பிபிபி ப்ரொஃபைல்ல (கஸ்டமர் லாகினுக்கான செட்டிங்) க்யூ-டைப் இடத்துல அதைக் குடுங்க, பேரன்ட்-க்யூ இடத்துல மேல போட்ட 950 க்யூவைக் குடுங்க. பேரன்ட்டோட டார்கெட்ல கஸ்டமர் ஐபி பூல் முழுக்க வரணும். மெமரி லிமிட் டீஃபால்ட்டா ஒரு க்யூவுக்கு 32 எம்பி, ஆயிரம் கஸ்டமர்னா அதை 4, 8ன்னு குறைச்சுடறது நல்லது. கேக் இன்னும் நல்லா பண்ணும், ஆனா சிபியு அதிகம் கேக்கும், பழைய பாக்ஸ்ல எஃப்க்யூ-கோடலே போதும்.

ரேடியஸ்ல (கஸ்டமர் லாகினையும் பிளானையும் பார்த்துக்கற சர்வர்) இருந்து மைக்ரோடிக்-ரேட்-லிமிட் (வேக அளவைச் சொல்ற வரி) அனுப்புறவங்க ஒண்ணு கவனிங்க, அதுல முதல்ல வர்றது அப்லோட், ரெண்டாவதுதான் டவுன்லோட். ரூட்டர் பார்வையில கஸ்டமர் கிட்ட இருந்து வாங்குறது முதல்ல. 50/100னு எழுதினா அப்லோட் 50, டவுன்லோட் 100. மாத்தி எழுதிட்டு ஒரு மாசம் பில்லும் வாங்கிட்டு அப்புறம் கண்டுபிடிச்சவங்களை எனக்குத் தெரியும்.

நிரம்பற நேரத்துல யாருக்கு எவ்வளவு

உதாரணத்துக்கு 300 பேர் 50 எம்பிபிஎஸ் பிளான், 200 பேர் 100 எம்பிபிஎஸ் பிளான். வித்தது மொத்தம் 35 ஜி, கையில இருக்கறது 950 எம்பிபிஎஸ். இது ஏமாத்து இல்ல, எல்லாரும் ஒரே செகண்ட்ல முழுசா இழுக்க மாட்டாங்க, உலகம் முழுக்க ஐஎஸ்பி தொழில் இப்படித்தான் நடக்குது. ஆனா நெருக்கடி நேரத்துல யாரும் பட்டினி கிடக்காம இருக்க ஒரு உத்தரவாதம் வேணும், அதுதான் லிமிட்-அட். 50 பிளானுக்கு 1.25, 100 பிளானுக்கு 2.5னு வச்சா 375ம் 500ம் சேர்ந்து 875, பேரன்ட்டுக்குள்ள அடங்குது. லிமிட்-அட் கூட்டுத்தொகை பேரன்ட்டோட மேக்ஸ்-லிமிட்டைத் தாண்டவே கூடாது, தாண்டினா நீங்க எழுதின கணக்குக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும். ரேட்-லிமிட் வரியில பர்ஸ்ட் (கொஞ்ச நேரம் மட்டும் கூடுதல் வேகம்) செட்டிங் மூணுக்கும் 0/0 குடுத்து, அப்புறம் ப்ரையாரிட்டி, கடைசில இந்தக் குறைந்தபட்ச வேகம்னு அதே வரியிலயே அனுப்பலாம்.

ப்ரையாரிட்டி எண் 1ல இருந்து 8 வரைக்கும், 1தான் உசத்தி. லிமிட்-அட் எல்லாருக்கும் குடுத்து முடிச்ச பிறகு மிச்சத்தை யார் முதல்ல எடுக்கணும்ங்கிறதை மட்டும்தான் இது முடிவு பண்ணும், அதுவும் கடைசி மட்டத்துல இருக்கற க்யூவுக்குத்தான் பொருந்தும். என் அனுபவத்துல வீட்டு கஸ்டமர் எல்லாருக்கும் ஒரே எண் வைக்கிறதுதான் நிம்மதி. பேங்க், ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் சென்டர்னு லீஸ்டு லைன் மாதிரி தனிக் காசு குடுக்குறவங்களுக்கு லிமிட்-அட்டையே உசத்திக் குடுங்க, அது கையில இருக்கற வாக்கு, ப்ரையாரிட்டி அப்படி இல்ல.

பர்ஸ்ட் பத்தி சுருக்கமா. லிமிட் 50, பர்ஸ்ட் 100, த்ரெஷோல்ட் 40 (சராசரி வேகம் இதைத் தாண்டினா பர்ஸ்ட் நிக்கும்), டைம் 16 செகண்ட்னு போட்டா 16 செகண்டும் 100 வராது, 40ஐ 16ஆல பெருக்கி 100ஆல வகுத்தா 6.4 செகண்ட்தான் வரும். வெப் பேஜ் சட்டுனு திறக்க அது போதும். நெட்வொர்க் நெருக்கடியில இருந்தா பர்ஸ்ட்டை எடுத்துடுங்க.

எதுக்கு முன்னுரிமை குடுக்கலாம், எதுக்குக் கூடாது

முதல்ல நம்ம சொந்த உயிர்நாடி. ரூட்டருக்கு ரூட்டர் வழி சொல்லிக்கற பிஜிபி, ஓஎஸ்பிஎஃப், கஸ்டமர் லாகினுக்கு ரேடியஸ், கண்காணிக்க எஸ்என்எம்பி, நாம ரூட்டருக்குள்ள நுழையற எஸ்எஸ்ஹெச், வின்பாக்ஸ் (மைக்ரோடிக்கோட செட்டிங் ஆப்). லிங்க் நிரம்பும்போது இதெல்லாம் விழுந்தா மொத்த ஊரும் போயிடும், சரி பண்ண உள்ள நுழையவும் முடியாது. இதை மார்க் பண்ணி 1 குடுங்க, அளவு ரொம்பக் கம்மி, சில எம்பிபிஎஸ் ஒதுக்கினா போதும். அதுக்கப்புறம் டிஎன்எஸ், லேண்ட்லைன் மாதிரி குரல் சேவை நீங்களே குடுத்தா அது. ஒரு கால் ஜி.711ங்கிற குரல் முறையில ஓடினா ஈதர்நெட் மேல 90 கேபிபிஎஸ் கிட்டத்தான், நூறு கால் ஓடினாலும் 9 எம்பிபிஎஸ்.

கூடாததுன்னா, யூடியூபை அமுக்கி ஸ்பீட் டெஸ்ட்டை மட்டும் தூக்கி விடுறது, காசு குடுத்த ஆப்புக்கு வேகம் குடுக்குறது, டோரன்ட்டை மொத்தமா மூடுறது. இந்தியாவுல 2018ல நெட் நியூட்ராலிட்டி விதிகள் ஐஎஸ்பி லைசென்ஸ்லயே சேர்ந்தாச்சு, உள்ளடக்கத்தைப் பார்த்து தடுக்கவோ மெதுவாக்கவோ தூக்கி விடவோ கூடாது. நெரிசலை சமாளிக்க நியாயமான டிராஃபிக் மேனேஜ்மென்ட் பண்ணலாம்னு இடம் இருக்கு, அது தேவைக்கு அளவா, தற்காலிகமா, கஸ்டமருக்குத் தெரியற மாதிரி இருக்கணும். ஆள் ஆளுக்குச் சமமா பங்கு போடுறது இந்த வரம்புக்குள்ள சுத்தமா நிக்குது.

சட்டத்தை விடுங்க, தொழில்நுட்பமா பார்த்தாலும் எந்த ஆப்னு பார்த்துப் பிரிக்கிறது இனி நடக்காது. லேயர்-7 ரூல் (பேக்கெட்டுக்குள்ள எட்டிப் பார்த்து எந்த ஆப்னு கண்டுபிடிக்கிறது) ஒரு கனெக்‌ஷனோட முதல் 10 பேக்கெட் இல்ல 2 கேபி மட்டும்தான் பார்க்கும், இப்போ எல்லாமே என்க்ரிப்ட் ஆகி வருது, நிறைய வீடியோ குயிக் (QUIC)ங்கிற முறையில யுடிபி 443ல ஓடுது. சிபியுவைத் தின்னுட்டு தப்பான ஆளைப் பிடிச்சுக் குடுக்கும். நான் ரெண்டு வருஷம் அந்த ரூல்களைக் கட்டிக்கிட்டு அழுதேன், எல்லாத்தையும் அழிச்சுட்டு ஆளுக்கொரு எஃப்க்யூ-கோடல் போட்ட பிறகுதான் போன் அமைதியாச்சு.

அப்லோடை மறந்துடாதீங்க

எல்லாரும் டவுன்லோடையே பார்த்துட்டு இருப்போம். கடைக்காரர் ஒருத்தர் எட்டு கேமரா மாட்டி கிளவுடுக்கு ஏத்துறார், கல்யாண வீட்ல இருந்து வந்த போன் எல்லாம் ஒரே நேரத்துல போட்டோ பேக்கப் எடுக்குது. அப்லோட் க்யூ நிரம்பினா டவுன்லோடுக்கான ஏசிகே பேக்கெட்டும் ("வந்து சேர்ந்துச்சு"ன்னு சொல்ற பதில்) அதே க்யூல மாட்டிக்கும், டவுன்லோட் பாதியா விழும். அதனால அப்லோட் பக்கமும் அதே க்யூ டைப், அதே மாதிரி பேரன்ட். அப்லோட் ரொம்பக் கம்மியா குடுக்குற பிளான்னா கேக்ல ஏசிகே-ஃபில்டர் இருக்கு, உதவும்.

எஃப்யூபி (டேட்டா அளவு தாண்டினா வேகத்தைக் குறைக்கிற விதி) வச்சிருக்கவங்க, லிமிட் தாண்டினா 512 கேபிபிஎஸ்னு பழைய வழக்கத்துல விட்டு வச்சிருந்தா மாத்துங்க. 2023 ஜனவரில பிராட்பேண்ட்னா குறைஞ்சது 2 எம்பிபிஎஸ்னு வரையறை மாறிடுச்சு. வேகத்தை மாத்த கஸ்டமரை டிஸ்கனெக்ட் பண்ண வேண்டாம், ரேடியஸ்ல இருந்து சிஓஏ (செட்டிங்கை மாத்தச் சொல்ற கட்டளை) அனுப்புங்க, போர்ட் 3799, ஓடுற செஷன்லயே மாறிடும்.

பெருசானா என்ன பண்றது

ஆயிரம் கஸ்டமர் தாண்டி ரூட்டர் சிபியு திணறினா லிப்ரேக்யூஓஎஸ் பாருங்க. இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஒரு லினக்ஸ் சர்வரை பிரிட்ஜ் மாதிரி நடுவுல வச்சா ஒவ்வொரு கஸ்டமருக்கும் கேக் போட்டு, ஓஎல்டி, டவர் வாரியா மரம் மாதிரி கட்டிடலாம். அதை NATக்கு (பல கஸ்டமரை ஒரே பொது ஐபில வெளிய அனுப்புற இடம்) இந்தப் பக்கம், கஸ்டமர் ஐபி தெரியற இடத்துல வைக்கணும், NATக்கு அந்தப் பக்கம் வச்சா எல்லாரும் ஒரே ஆளாத் தெரிவாங்க. ஐபிவி6 (புது வகை ஐபி) குடுக்குறீங்கன்னா அந்த ப்ரிஃபிக்ஸும் (ஐபி தொகுதி) அதே கஸ்டமர் பேர்ல சேரணும், இல்லைன்னா அந்த வழியா லிமிட் இல்லாம ஓடும். அந்த சர்வர் செத்தா ஊரே நிக்கும், அதனால பக்கத்துல ஒரு பைபாஸ் வழி தயாரா இருக்கணும்.

ஒரே ராத்திரில எல்லாருக்கும் போடாதீங்க

முதல்ல உங்க வீடு. ரெண்டு நாள் கழிச்சு, அடிக்கடி போன் பண்ற பத்து கஸ்டமர், அவங்கதான் உண்மையை உடனே சொல்லுவாங்க. அப்புறம் ஒரு பான் போர்ட், ஒரு வாரம். அப்புறம் முழுசா. மாத்துறதுக்கு முன்னாடி பேக்கப் ஃபைலை ரூட்டர்ல மட்டும் வைக்காம உங்க லேப்டாப்லயும் வைங்க, மாத்துற நேரம் காலைல அஞ்சு மணி.

எல்லாம் ஓட ஆரம்பிச்ச பிறகு ராத்திரி எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் பேரன்ட் க்யூவை வின்பாக்ஸ்ல பாருங்க. பாதிக்குக் கீழ பச்சை, முக்கால் வரைக்கும் மஞ்சள், அதுக்கு மேல சிவப்பு. ஞாயித்துக்கிழமை மட்டும் சிவப்புன்னா க்யூ பார்த்துக்கும். வாரத்துல நாலு நாள் தொடர்ந்து சிவப்புல நின்னு 950லயே முட்டிக்கிட்டு இருந்தா இதுக்கு மேல பங்கு போட ஒண்ணும் இல்ல, அப்ஸ்ட்ரீமுக்கு போன் பண்ணி பேண்ட்வித் ஏத்துங்க, கேஷ் சர்வர் (யூடியூப் மாதிரி வீடியோவைப் பக்கத்துலயே சேமிச்சு வைக்கிறது) டிராஃபிக்கைத் தனியாக் குடுக்க முடியுமான்னும் அப்பவே கேளுங்க, ஏத்தின அன்னைக்கே பேரன்ட் மேக்ஸ்-லிமிட்டையும் லிமிட்-அட் கணக்கையும் புது அளவுக்கு மாத்திடுங்க.